பொம்மைத் தூதனும் தாய்ச்சிக் கூட்டமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய பேச்சின் தலைப்பைப் பார்த்தவுடன், "தாய்ச்சி என்றால் நமது பிள்ளைகள் கோடு கீறி விளையாடும் தாச்சி மறித்தல்தானே" என்று உங்களிற் சிலர் எண்ணியிருப்பீர்கள். ஆச்சிமாருக்கு வழங்கும் இன்னொரு முறைப்பெயரோ என்று எண்ணியவர்களும் இருக்கக்கூடும். இரண்டுமில்லை. தாய்ச்சி என்பது சீன நாட்டார் பயின்றுவரும் ஒரு தேகாப்பியாசம். அதன் முழுப்பெயர் தாய்ச்சி சுவான். தாய்ச்சி என்பது எல்லாவற்றுக்கும் மூலமான பரம்பொருள் நிலையைக் குறிக்கும் சீனத் தத்துவச் சொல். சுவான் என்றால் மடக்கிய கை, அதாவது கைச்சண்டை. சண்டைக் கலையாகத் தோன்றிய அது இன்று உலகின் பல நாடுகளில், பூங்காக்களிலும் மண்டபங்களிலும், பெரும்பாலும் முதியவர்கள் கூடிநின்று மிக மெதுவாகச் செய்யும் பயிற்சியாக விளங்குகிறது.

இத் தாய்ச்சியோடு இன்று ஒரு பொம்மையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மேல்நாடுகளில் ஒரு வழக்கமுண்டு. ஒரு வகுப்போ, ஒரு சங்கமோ தன் அடையாளமாக ஒரு பொம்மையை வைத்துக்கொள்ளும். அதை மஸ்கொட் என்பர். அந்தப் பொம்மையை ஒரு பெட்டியிலோ கடித உறையிலோ இட்டு, ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கூடவைத்து, தூரதேசத்திலுள்ள இன்னொரு கூட்டத்தாருக்கு அனுப்பிவைப்பார்கள். பெற்றுக்கொண்டவர்கள் அதைத் தம் விருந்தாளியாகப் பாவித்து, தாம் போகும் இடங்களுக்கெல்லாம் கொண்டுபோய், படம்பிடித்து, நடந்தவற்றைப் புத்தகத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அல்லது அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். அப்படிப் பிரயாணம் செய்யும் ஒரு பொம்மை, அந்நிய நாட்டில் தாய்ச்சி பழகும் ஒரு கூட்டத்தாரிடம் போய்ச் சேர்ந்தால் அங்கே எதைக் காணும்? இதுவே என் விஷயம்.

கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால், புதிதாய் வந்து நிற்கும் ஒருவரை ஒரு கூட்டம் எங்கே நிறுத்துகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. சங்கங்கள் செழிப்பதும் தேய்வதும் அந்தக் கேள்விக்கு அவை கொடுக்கும் விடையைப் பொறுத்தவை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

முதலிற் பொம்மையின் வரலாற்றைப் பார்ப்போம்.

1964ஆம் ஆண்டில் ஜெவ் பிரவுண் என்ற அமெரிக்க எழுத்தாளர் பிள்ளைகளுக்காக ஒரு கதைப்புத்தகம் வெளியிட்டார். ஸ்ரான்லி என்ற சிறுவன் நித்திரையில் இருக்கும்போது சுவரில் மாட்டியிருந்த பெரிய பலகையொன்று அவன்மேல் விழுந்துவிடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் பையனுக்கு ஒரு காயமுமில்லை. ஆனால் அரை அங்குலத் தடிப்புள்ள தட்டைப் பையனாகிவிட்டான். கதவின் கீழே உள்ள இடைவெளியால் நுழைந்து போகிறான். கலிபோர்னியாவில் இருக்கும் நண்பனைப் பார்க்க வேண்டுமென்றால் புகைவண்டிச் சீட்டு வேண்டியதில்லை. கடித உறையில் இட்டு முத்திரை ஒட்டினாற் போதும். தபாலிலே போய்த் தபாலிலே திரும்பி வருகிறான்.

31 ஆண்டுகளின் பின், 1995இல், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள இலண்டன் என்னும் ஊரில் டேல் ஹியூபேட் என்ற பாடசாலை உபாத்தியாயர் இக்கதையை எடுத்துக்கொண்டார். மாணாக்கருக்குக் கடிதம் எழுதும் ஆசையை உண்டாக்குவது அவர் நோக்கம். "உன்னைப் பற்றி எழுது" என்றால் பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும். "இந்தத் தட்டைப் பையனைக் கடதாசியில் வரைந்து, வெட்டி, வர்ணந்தீட்டி, அவன் உன் வீட்டில் என்ன செய்தான் என்று எழுது" என்றால் பக்கம் பக்கமாக எழுதும். அப் பையனை வேறொரு பாடசாலைக்கு அனுப்பினால், அங்குள்ள பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி எழுதியனுப்புவார்கள். அவ்வாறு தொடங்கிய முயற்சி பல நாடுகளின் பாடசாலைகளுக்குப் பரவிவிட்டது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வருகிற விருந்தாளி பேசமாட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் வீட்டுக்காரன்தான் பேச வேண்டியிருக்கிறது. நாம் தினமும் பார்த்துச் சலித்துப்போன சந்தையையும் வீதியையும் மரத்தையும், ஒன்றுமறியாத ஒருவனுக்குக் காட்டுவதற்காக மறுபடியும் பார்க்கிறோம். "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம். பொம்மை செய்யும் வேலை இவ்வளவுதான்.

ஆனால், பொம்மையின் வரலாறு முழுவதும் இனிமையானதென்று எண்ணிவிடக் கூடாது. 1995க்கு வெகுகாலத்துக்கு முன்பே பொம்மைகள் தூது போயிருக்கின்றன. 1924இல் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டம் யப்பானியர் அங்கே குடியேறுவதைத் தடுத்தது. இரு நாடுகளுக்குமிடையே மனக்கசப்பு வளர்ந்தது. யப்பானிற் பல்லாண்டு கிறிஸ்தவ ஊழியம் செய்துவந்த சிட்னி குலிக் என்ற அமெரிக்கர், பெரியவர்களின் மனத்தை மாற்ற முடியாவிட்டாலும் பிள்ளைகளிடத்திலாவது நட்பை விதைக்கலாமென்று எண்ணினார். அவர் முயற்சியால் அமெரிக்கப் பிள்ளைகளிடமிருந்து 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் 1927இல் யப்பானியப் பாடசாலைகளுக்குப் போய்ச்சேர்ந்தன. மார்ச் மாதம் 3ஆம் திகதி அங்கே பெண்பிள்ளைகளுக்கான பொம்மைத் திருநாள் நடைபெறும். அந்நாளுக்கென்றே அவை அனுப்பப்பட்டன. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சீட்டு, ஒரு கடிதம். யப்பானிலே ஷிபுசாவா எயிச்சி என்ற பெரும் வணிகப் பிரமுகர் அவற்றை வரவேற்கும் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே யப்பானியர் 58 பெரிய பொம்மைகளை, அழகிய பட்டாடை உடுத்தி, அமெரிக்காவுக்குப் பதில் விருந்தாளிகளாக அனுப்பினார்கள்.

14 ஆண்டுகள் சென்றன. 1941 டிசம்பரில் இரு நாடுகளும் போரில் இறங்கின. பாட்டுப் பாடி வரவேற்கப்பட்ட அதே பொம்மைகள் எதிரியின் பொம்மைகளாகிவிட்டன. எரிக்கவும் உடைக்கவும் கட்டளை பிறந்தது. மூங்கில் ஈட்டியால் குத்தப்பட்டவையும் உண்டு. ஆயினும் சில பாடசாலைகளில் ஆசிரியர்கள் சிலர், அகப்பட்டால் என்ன நேருமென்று தெரிந்தும், அவற்றைத் துணியிற் சுற்றி மறைவான இடங்களில் ஒளித்துவைத்தார்கள். 12,000க்கு மேல் வந்தவற்றுள் இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 300. 1927இல் கைநீட்டி வாங்கிய பொம்மைதான் 1941க்குப் பின் எரிந்ததும். பொம்மை மாறவில்லை, அதைப் பெற்றவர்களின் மனம் மாறிற்று. ஆகையால், விருந்தாளியைப் பற்றி எதையாவது அறிய வேண்டுமானால் வரவேற்பவனைத்தான் பார்க்க வேண்டும்.

இனித் தாய்ச்சிக்கு வருவோம்.

தாய்ச்சியை முற்காலத்தில் மலைமேல் தவஞ்செய்த ஒரு முனிவர் கண்டார் என்று ஐதிகம் கூறும். சரித்திர ஆசிரியர்கள் அதை ஏற்பதில்லை. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குலத்தார் வாழ்ந்த சென்ஜியாகூ என்னும் கிராமத்தையும், 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த சென் வாங்திங் என்ற போர்வீரரையுமே அவர்கள் பெரும்பாலும் சுட்டுவர். பல தலைமுறைகளுக்கு அது அந்தக் குலத்தாரின் சொத்தாக இருந்தது. வெளியாருக்குக் கற்பிக்கும் வழக்கம் இருக்கவில்லை. குடும்ப வைத்தியர் தம் மருந்து முறையை மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துப்போவது நம்மவரும் அறிந்ததுதானே.

19ஆம் நூற்றாண்டிலே அந்தக் கதவு திறந்தது. 1799இல் பிறந்த யாங் லூசான் என்ற வெளியூரார் அக்கிராமத்துக்கு வந்தார். சென் சாங்சிங் என்ற ஆசான் அவரைச் சீடராக ஏற்றார். யாங் லூசான் அங்கே வேலைக்காரராய் இருந்து, இரவிலே சுவரோரம் ஒளித்துநின்று பார்த்துப் பழகினார் என்றும், பிடிபட்டபோது அவர் திறமையைக் கண்டு ஆசான் வியந்து ஏற்றுக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் ஆகுக. குலத்துக்கு வெளியே ஒருவருக்கு அக்கலை போய்ச்சேர்ந்தது என்பது மெய். அவர் தலைநகரான பெய்ஜிங்குக்குப் போய்ப் பலருக்குக் கற்பித்தார். அவருடைய பேரர் யாங் செங்பூ, 1936இல் காலமாகும் வரையில், பாய்ச்சலும் வேகமும் குறைந்த, பரந்த மெதுவான அசைவுகளாக அதை ஒழுங்குசெய்து ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகில் மிகுதியானோர் பழகுவது அந்த யாங் முறையைத் தழுவியதே.

1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர், நீண்ட முறையைக் கற்க நேரமில்லாத சாதாரண மக்களுக்காக 24 அசைவுகள் கொண்ட சுருக்க முறையொன்றை வகுத்தார்கள். ஐந்தாறு நிமிடத்தில் அதை முடித்துவிடலாம். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் தாய்ச்சியை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. ஒரு கிராமத்து மதிலுக்குள் இருந்த கலை, கதவு திறந்தமையால் உலகத்தின் சொத்தாயிற்று. சென்ஜியாகூவுக்கு அதனால் ஒரு நட்டமுமில்லை. அங்கும் சென் முறை இன்றும் வாழ்கிறது; அதைக் கற்க வெளிநாட்டார் அக் கிராமத்தைத் தேடிப்போகிறார்கள்.

1970இல் மோய் லின்ஷின் என்ற சீனர் கனடாவிலே, நமது உறவினர் பலர் இன்று குடியிருக்கும் ரொறன்ரோ நகரிலே, வந்து குடியேறினார். அவர் சீனாவிற் பிறந்து, பின்னர் ஹொங்கொங்கில் வாழ்ந்தவர். இளவயதில் நோயாளியாயிருந்து பயிற்சியினால் தேறியவர். யாங் முறையின் 108 அசைவுகளை உடல்நலத்துக்கேற்பச் சிறிது மாற்றி, இனம் மொழி பாராமற் கற்பித்தார். 1998இல் அவர் காலமானார். அவர் தொடக்கிய இயக்கத்திற் கற்பிப்பவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். தாம் கற்றதைப் பிறருக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தட்டைப் பையனின் தபாற் பிரயாணம் தொடங்கியதும் இதே ஒன்ராறியோ மாகாணத்தில்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி நமது பொம்மையை அங்கே அனுப்புவோம். இது கற்பனைதான்; ஆனால் அது காணப்போகிறவை கற்பனையல்ல, தாய்ச்சிக் கூட்டங்களில் உள்ள வழக்கங்களே.

பனிக்காலத்து ஒரு காலை நேரம். ஊர் மண்டபமொன்று. இருபது, முப்பது பேர் வருகிறார்கள். கனத்த மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டையான சப்பாத்தை அணிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். ஒருவர் கைத்தடியோடு வருகிறார். இன்னொருவர் கதிரையை இழுத்துப்போட்டு அதில் அமர்ந்தபடியே செய்ய ஆயத்தமாகிறார். நிற்க முடியாதவர்கள் இருந்துகொண்டு கைகளையும் முதுகையும் மட்டும் அசைத்துச் செய்யும் முறையும் தாய்ச்சியில் உண்டு. நமது பொம்மையையும் ஒரு கதிரையில் இருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருப்பவர்களும் அங்கே பயிற்சியாளர்கள்தானே. ஆகையால் பொம்மை வெறும் பார்வையாளனாக இருக்க நேராது.

பயிற்சி தொடங்குகிறது. இசையில்லை, அதட்டலில்லை. அசைவுகளின் பெயர்கள் மட்டும் கேட்கின்றன. வெண்கொக்கு சிறகை விரிக்கிறது. காட்டுக் குதிரையின் பிடரிமயிர் இருபுறமும் பிரிக்கப்படுகிறது. மேகங்கள்போலக் கைகள் மிதக்கின்றன. குரங்கை விலக்கியபடி பின்னோக்கி நடக்கிறார்கள். பெயர்களைக் கேட்டால் ஒரு காட்டுக்குள் புகுந்ததுபோல இருக்கும். முப்பது பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர், ஒரே வேகத்தில், ஒரே உடம்புபோல அசைகிறார்கள்.

இந்த இடத்தில் நமது பொம்மை நன்றாகக் கண்திறந்து பார்க்கவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அன்றைக்குத்தான் முதன்முதல் வந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். அவரை எங்கே நிறுத்துவார்கள்? பின்வரிசையில் நிறுத்துவதுதான் உலக வழக்கம். ஒன்றும் தெரியாதவன் பின்னால் நின்று பார்க்கட்டும் என்போம். தாய்ச்சிக் கூட்டங்களிலோ புதியவரை நடுவில் நிறுத்துவார்கள். நன்கு பழகியவர்கள் நான்கு மூலைகளிலும் போய் நிற்பார்கள்.

காரணம் மிக எளிது. தாய்ச்சியில் அசைவுகள் ஒரே திசையை நோக்கியிருப்பதில்லை. கிழக்கே பார்த்து நின்றவர்கள் சிறிது நேரத்தில் மேற்கே திரும்பிவிடுவார்கள். அப்போது முன்வரிசை பின்வரிசையாகிவிடும். புதியவர் ஓரத்தில் நின்றிருந்தால், திரும்பியவுடன் அவர் முன்னே வெறுஞ் சுவர்தான் இருக்கும். யாரைப் பார்த்துச் செய்வது என்று திகைத்துப்போவார். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு முன்னே ஒரு பழகியவர் இருப்பார். ஆகவே மிகுந்த திறமையுள்ளவருக்கு உரிய இடம் மூலை. ஒன்றும் தெரியாதவருக்கு உரிய இடம் நடு.

பெரியோர்களே, இந்த ஏற்பாட்டிலுள்ள பண்பை எண்ணிப்பாருங்கள். மூலையில் நிற்பவருக்கு ஒரு கடமையுண்டு. தான் பார்த்துச் செய்ய அவருக்கு முன்னே ஒருவரும் இல்லாத நேரமும் வரும். தன் நினைவை மட்டும் நம்பிச் செய்யவேண்டும். அதிலும் பின்னால் நிற்பவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தோடு செய்யவேண்டும். தான் அழகாகச் செய்துவிட்டாற் போதாது. மற்றவர் பின்பற்றக்கூடிய வேகத்திற் செய்யவேண்டும். இதுவே அங்கே மூத்தவர் என்பதன் பொருள்.

இளைஞர்களே, நடுவில் நிற்பவருக்கும் ஒரு கடமையுண்டு. எல்லாரும் பார்க்கும் இடத்தில் நின்று, கைகால் தடுமாற, வெட்கப்படாமல் கற்கவேண்டும். இன்று நடுவில் நிற்பவர் நாளை மூலைக்குப் போகவேண்டியவர். நடுவில் ஒருவரும் இல்லாமல் மூலையில் நிற்பவர்கள் மட்டும் உள்ள கூட்டம் எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், ஒருவர்பின் ஒருவராக அவர்கள் மறைய, ஒருநாள் மண்டபத்தின் திறப்பை வாங்குவதற்கும் ஆளில்லாமற் போய்விடும்.

"இவ்வளவு மெதுவாய்க் கைகாலை ஆட்டுவதனால் என்ன பலன்? கிழவர்களின் பொழுதுபோக்குத்தானே" என்று இளைஞர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விஞ்ஞானிகள் கண்ட விடையொன்றைச் சொல்கிறேன்.

முதுமையில் விழுதல் என்பது சிறிய விஷயமன்று. உலகத்தில் ஆண்டுதோறும் 684,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களிற் பெரும்பகுதியினர் 60 வயதைத் தாண்டியவர்கள். கிணற்றடியிலோ குளியலறையிலோ சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் படுக்கையைவிட்டு எழாதுபோன ஆச்சியையோ அப்புவையோ அறியாத வீடு நம்மிடையே உண்டா? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2018இல் வெளிவந்தது. 70 வயதும் அதற்கு மேலுமுள்ள, விழும் அபாயமுள்ள 670 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குத் தாய்ச்சியிலிருந்து எடுத்த பயிற்சி. ஒரு பிரிவினருக்குப் பலவகைத் தேகாப்பியாசம். ஒரு பிரிவினருக்கு உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும். வாரம் இருமுறை, 24 வாரம். அந்தக் காலத்தில் நீட்டி வளைத்தவர்களிடையே 363 தடவை விழுதல் நேர்ந்தது. பலவகைப் பயிற்சி செய்தவர்களிடையே 218. தாய்ச்சி செய்தவர்களிடையே 152.

இதற்குரிய காரணம் அந்த மெதுவிலேதான் இருக்கிறது. நாம் நடக்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரம் மாறும் கணத்தில்தான் பெரும்பாலும் தடுமாறி விழுகிறோம். வேகமாக நடப்பவன் அந்தக் கணத்தை உணர்வதேயில்லை. தாய்ச்சியில் ஒரு காலில் முழுப் பாரத்தையும் நிறுத்திய பின்பே மறு காலைத் தூக்குவார்கள். தூக்கிய காலைப் பாரமில்லாமல், வெறுமையாக, முன்னே வைப்பார்கள். தரை உறுதியென்று கண்டபின் சிறிது சிறிதாகப் பாரத்தை அதற்கு மாற்றுவார்கள். விழும் கணம் எதுவோ அதையே நீட்டி, நூறு தடவை, ஆயிரம் தடவை பழகிக்கொள்கிறார்கள். ஓடத் தெரிந்த இளைஞன் ஒருவன் இதைச் செய்து பார்த்தால் பத்து நிமிடத்தில் தொடை நடுங்குவதைக் காண்பான்.

தாய்ச்சியில் இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியும் ஒன்றுண்டு. ஒருவர் மணிக்கட்டோடு மற்றவர் மணிக்கட்டைத் தொட்டபடி நின்று, ஒருவர் தள்ள மற்றவர் விட்டுக்கொடுத்துத் திருப்புவார். தள்ளுகிற கையை முட்டி எதிர்ப்பதும் பிழை. தொடுகையை விட்டு விலகி ஓடுவதும் பிழை. தொடுகை அறாமல் நின்று, எதிரே நிற்பவர் என்ன செய்யப்போகிறார் என்பதைத் தோலாலே அறியவேண்டும். அதற்குச் சீனர் கொடுத்த பெயர் "கேட்டல்" என்பதாகும். புதியவரோடு பழகுவதற்கும் இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வந்தவரை முட்டித் தள்ளாமலும், அவருக்கு அஞ்சி விலகாமலும், அவரைக் கேட்டு நிற்பது.

நமது பொம்மைக்குத் திரும்புவோம். பயிற்சி முடிந்துவிட்டது. தேநீர் ஊற்றுகிறார்கள். பல கூட்டங்களில் பயிற்சிக்கு வருவதைப்போலவே இந்தத் தேநீருக்காகவும் வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் தூர இடங்களுக்குப் போய்விட, அறையொன்றில் தனியே இருக்கும் முதியவருக்கு, வாரத்தில் அந்த ஒரு காலைதான் தன் பெயரைச் சொல்லி ஒருவர் அழைக்கும் வேளையாக இருக்கலாம். பொம்மையின் குறிப்புப் புத்தகத்தில் யாராவது எழுதவேண்டும். இதுவரை பேசாதிருந்த ஒருவர் பேனாவை வாங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். "உன்னை அனுப்பிய பிள்ளைகளுக்குச் சொல். நாங்கள் இங்கே இப்படி நிற்போம். புதிதாய் வருபவரை நடுவில் நிறுத்துவோம்" என்று எழுதுகிறார். எழுதும்போதுதான், இத்தனை ஆண்டு தாம் செய்துவந்த காரியத்துக்கு ஒரு பொருள் இருப்பதை அவரும் காண்கிறார். தூரதேசத்து வகுப்பறையில் அதை வாசிக்கும் பிள்ளைக்கும், முதுமை என்பது வெறும் இருமலும் கைத்தடியும் அன்று என்பது தெரிகிறது.

இது வெறும் வேடிக்கை, பெரியவர்களுக்குப் பொம்மை எதற்கு என்பாரும் உளர். பொம்மையைப் பெரிதாக்க நானும் விரும்பவில்லை. பொம்மை வந்துதான் ஒரு கூட்டம் திருந்தவேண்டுமென்பதில்லை. ஆனால் நேரே வரக் கூச்சப்படுபவர்களும், எப்படிப் பேச்சைத் தொடக்குவது என்று அறியாதவர்களும் உலகில் மிகப்பலர். அவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. ஒரு பொம்மை அந்தச் சாட்டாகுமானால் அதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. யப்பானில் அந்த ஆசிரியர்கள் ஒளித்துவைத்துக் காத்ததும் வெறும் விளையாட்டுப் பொருளை என்று சொல்லிவிட முடியுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, தாய்ச்சி பழகுவோர் பல நாடுகளில் வெளியிடங்களிற் கூடுகிறார்கள். 1999 முதல் இவ்வழக்கம் நடைபெறுகிறது. அவ்வவ்வூர் நேரப்படி காலை 10 மணி என்பது ஏற்பாடு. ஆகையால் சூரியன் செல்லும் வழியே, கிழக்கு நாடுகளில் தொடங்கி மேற்கு நாடுகள் வரையில், ஒரு கூட்டம் முடிக்க இன்னொரு கூட்டம் தொடங்கும். அங்கே பார்த்துக்கொண்டு நிற்கும் வழிப்போக்கரையும் கைகாட்டி அழைப்பார்கள். எந்த மொழியும் வேண்டியதில்லை. முன்னே நிற்பவரைப் பார்த்துச் செய்தாற் போதும்.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதாகும். உணவுக்கு அப்பெயர் பின்னர் வந்தது. முன்பின் அறியாது புதிதாய் வந்தவரே விருந்து. ஆகவே விருந்தோம்பல் என்றால் தெரிந்தவருக்குச் சோறிடுவதோடு முடிவதில்லை. புதியதைப் பேணுவதே அதன் உட்பொருள். சீனத்து மூத்தவர்கள் மூலைகளில் நின்று, ஒன்றுமறியாத ஒருவரை நடுவில் வைத்துப் பேணுவதைப் பார்த்தால், அந்தச் சொல்லின் பொருளை அவர்கள் உடம்பாலே செய்து காட்டுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த மண்டபத்திலும் பின்வரிசையில், இன்றுதான் முதன்முறையாக வந்து, யாரோடு பேசுவது என்று அறியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் தேநீர் உண்டு என்று செயலாளர் கூறியிருக்கிறார். பெரியோர்களே, உங்களுக்கு வேண்டியவர்களோடு பேச நாளையும் நேரமுண்டு. இன்று அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு, நடுவே அழைத்துவந்து நிறுத்துங்கள். பிள்ளைகளே, அழைத்தால் கூச்சப்படாமல் வாருங்கள்.